விளக்கு எரியவில்லை என்றால் கார் நன்றாக இருக்கிறதா? பழைய வாகனங்களில் ‘நாட் ரெடி’ என்பதன் பொருள்

பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டயர், சாயம், ஏர்கோன் குளிர், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர். கடைசியாக, டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை. எரியவில்லை என்றால் மனம் நிம்மதியாகிவிடும். விற்பவரும் அதையே சொல்வார்: “பாருங்கண்ணே, ஒரு லைட்டும் எரியல. காடி நல்லாத்தான் இருக்கு.”

அந்த விளக்கு எரியாமல் இருக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். உண்மையிலேயே கோளாறு எதுவும் இல்லாமல் இருக்கலாம். அல்லது, காரின் கணினி இன்னும் சோதித்தே பார்க்காமல் இருக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்கேனர் கருவியில் வரும் ஒரு சிறிய பட்டியல். ‘ரெடினஸ் மானிட்டர்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு சோதனையின் பெயருக்கும் எதிரே ‘ரெடி’ அல்லது ‘நாட் ரெடி’ என்று இருக்கும். சில கருவிகளில் ‘கம்ப்ளீட்’, ‘இன்கம்ப்ளீட்’ என்று வரும். பொருள் ஒன்றுதான்: சோதனை முடிந்தது, அல்லது இன்னும் முடியவில்லை.

‘நாட் ரெடி’ என்றவுடன் கார் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. பரீட்சையில் தோற்ற மாணவனும் இன்னும் பரீட்சையே எழுதாத மாணவனும் ஒன்றல்ல. ‘நாட் ரெடி’ இரண்டாவது வகை. ஆனால் எழுதாததற்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவரின் பணம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் விற்கப்பட்ட எல்லா கார்களிலும் ‘ஓ.பி.டி. 2’ என்ற சுயபரிசோதனை முறை கட்டாயமானது. அதற்கு வழி காட்டியது கலிஃபோர்னியா மாநிலம். ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இதே போன்ற முறை வந்தது. எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சுத்தப்படுத்தும் உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கார் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், கெட்டால் மஞ்சள் விளக்கைப் போட்டு ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த நாட்டில் பல மாநிலங்களில் வாகனத்தைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. எனவே பரிசோதனை நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பு கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டால் போதும் என்று எவருக்கும் தோன்றும். இதை எதிர்பார்த்தே ரெடினஸ் மானிட்டர் வைக்கப்பட்டது. குறியீட்டை அழிக்கும் அதே நொடியில் எல்லாச் சோதனை முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். ஒன்றை மட்டும் அழித்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. திருடன் கதவைத் திறந்தால் கைரேகை பதிவது போலத்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 1996 முதல் 2000 வரையிலான மாடல்களில் இரண்டு சோதனைகள் வரை முடியாமல் இருக்கலாம். 2001க்குப் பிந்தியவற்றில் ஒன்று மட்டும். கலிஃபோர்னியா இன்னும் கறார். அங்கே 2000ஆம் ஆண்டு முதலான பெட்ரோல் கார்களில் பெட்ரோல் ஆவிச் சோதனை ஒன்று மட்டுமே முடியாமல் இருக்கலாம்.

மலேசியாவில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற நிலையத்துக்குப் போகிறோம். அங்கே புகைக்குழாயில் கருவியைச் செருகி, வெளிவரும் புகையை அளக்கிறார்கள். சிங்கப்பூரில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஆக, அமெரிக்கரைப் போல ‘நாட் ரெடி’ என்பதற்காக நம்மை யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அப்படியானால் இந்தப் பட்டியல் நமக்கு எதற்கு? பழைய கார் வாங்கும் இடத்திலும் பட்டறையில் பில் கட்டும் இடத்திலும் இதைவிட நேர்மையான சாட்சி வேறு கிடைப்பது கடினம். அதற்காகத்தான்.

விளக்கு ஏன் சில நாள் கழித்து எரிகிறது?

இந்தச் சோதனைகளில் மூன்று, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் நடந்துகொண்டே இருக்கும்: எரிபொருள் ஒழுங்காக எரியாமல் எஞ்சின் விக்குகிறதா, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றனவா, சென்சார்களின் மின்தொடர்பு ஒழுங்கா என்பவை. இவை சீக்கிரமே ‘ரெடி’ ஆகிவிடும். பல கார்களில் எப்போதும் ‘ரெடி’ என்றே காட்டும். இவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மற்றவைதான் முக்கியம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், அந்தச் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுக்கும் அமைப்பு, சில கார்களில் புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றின் சோதனைகள் இவை. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சூழ்நிலை அமைந்தால்தான் தொடங்கும். கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போல ஆடினால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று கணினி முடிவு செய்யும். பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ‘பி0420’ என்ற குறியீடு இதுதான். ஆனால் இந்த ஒப்பீட்டைச் செய்ய எஞ்சின் நன்றாகச் சூடாகி, கார் ஒரே சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளுக்குக் கணினி முதல் தடவையிலேயே விளக்கைப் போடாது. தனியாக நடந்த இரண்டு ஓட்டங்களில் அதே கோளாறு தெரிந்த பிறகே போடும். முதல் தடவை ‘பெண்டிங்’ என்று உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். ஆகவே குறியீட்டை அழித்துவிட்டு விற்பவருக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. வாங்கியவர் காரைத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பூ மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவார். வார இறுதியில் ஈப்போவுக்கோ சிரம்பானுக்கோ நெடுஞ்சாலையில் போய்த் திரும்பும்போது மஞ்சள் விளக்கு எரியும். “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது” என்பார். நேற்று வரை கார் சோதிக்கவே இல்லை. அசல் கன்வெர்ட்டர் மாற்ற ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகலாம். பழைய காரின் விலையில் அது சிறிய பங்கு அல்ல.

குற்றவாளி யார் என்று முடிவு செய்யும் முன்

‘நாட் ரெடி’ என்று பார்த்தவுடன் விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல பழைய கார்களில் சோதனை முடிவுகள் அழிந்துவிடும். நம் நாட்டு வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறைவு. விற்பதற்கு முன்பு புதுப் பேட்டரி போட்டிருக்கலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் பேட்டரி செத்துப் போயிருக்கலாம். நேர்மையாகப் பழுது பார்த்து, முறைப்படி குறியீட்டை அழித்திருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று கேட்டால், உண்மையான பதில் உள்ளவர் பட்டறை ரசீதையோ பேட்டரி வாங்கிய தேதியையோ காட்டுவார்.

பட்டியலில் ஒன்று மட்டும் ‘நாட் ரெடி’ என்றால், குறிப்பாகப் பெட்ரோல் ஆவிச் சோதனை மட்டும் என்றால், கவலை குறைவு. அது பிடிவாதக்காரச் சோதனை. எல்லாமே ‘நாட் ரெடி’ என்றால் அண்மையில்தான் நினைவகம் துடைக்கப்பட்டிருக்கிறது. எப்போது என்றுகூடப் பல கார்களில் கண்டுபிடிக்கலாம். குறியீடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எஞ்சின் எத்தனை முறை சூடேறியது என்ற இரு எண்களைக் கணினி வைத்திருக்கும். ஸ்கேனர் செயலியில் தேடினால் கிடைக்கும். “ஒரு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல” என்று சொல்லப்படும் காரில் அந்த எண் 9 கிலோமீட்டர் என்று இருந்தால், பேட்டரியைப் பற்றி இன்னொரு முறை கேட்பதில் தவறில்லை. மிகப் பழைய கார்களில் இந்த எண்கள் இல்லாமல் இருக்கலாம்.

விளக்கையே கழற்றிவிடும் வேலையும் நடப்பதுண்டு. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, எஞ்சினைத் தொடங்காமல் பார்த்தால் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அப்போதும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது போக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேனர் என்றதும் பெரிய பட்டறையில் இருக்கும் விலை உயர்ந்த இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணையும் சிறு கருவி சில பத்து ரிங்கிட்டுக்கு இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஸ்டீரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகில் 16 துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் போதும். மலிவான கருவிகள் சில கார்களோடு பேசாது என்பது உண்மை. தெரிந்த ஃபோர்மன் ஒருவரைக் கூட்டிப் போவது அதைவிட நல்லது.

எல்லாப் பழைய கார்களிலும் இது நடக்காது. கார்ப்புரேட்டர் வைத்த கார்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாக்கெட் இருந்தும் ஓ.பி.டி. 2 முழுமையாக இல்லாத கார்களும் உண்டு. பின்பக்க ஆக்சிஜன் சென்சார் இல்லாத காரில் கன்வெர்ட்டர் சோதனையே இருக்காது. அப்போது அந்த வரியில் ‘என்.ஏ.’ அல்லது ‘நாட் சப்போர்ட்டட்’ என்று வரும். அது ‘நாட் ரெடி’ அல்ல. அந்தக் காருக்கு அந்தப் பாடமே இல்லை என்று பொருள்.

நம் சாலை, நம் வெயில், நம் பழக்கம்

சொந்தக் காரில் பழுது பார்த்த பிறகு சோதனைகள் ‘ரெடி’ ஆகாமலே வாரக்கணக்கில் நிற்பதாகச் சிலர் குழம்புவதுண்டு. பெரும்பாலும் கார் ஓடும் விதம்தான் காரணம். கார் நிறுவனங்கள் இதற்காக ‘டிரைவ் சைக்கிள்’ என்று ஓட்டும் முறை ஒன்றை வகுத்திருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். சாரம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே: இரவு முழுவதும் நிறுத்தி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தொடங்க வேண்டும், சில நிமிடங்கள் நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும், பிறகு மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பத்து, பதினைந்து நிமிடங்கள் சீராகப் போக வேண்டும், இடையில் பிரேக் மிதிக்காமல் காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறைய விட வேண்டும். சாதாரணமாக 80 முதல் 160 கிலோமீட்டர் வரை, சில நாள்களில் பிரித்து ஓட்டினால் பெரும்பாலான சோதனைகள் முடிந்துவிடும்.

தோட்டப்புற வாழ்க்கைக்கும் இந்தப் பட்டியலுக்கும் அவ்வளவு பொருத்தமில்லை. செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து கடைக்கு இரண்டு, பிறகு வீடு. பாதி வழி செம்மண் சாலை. எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். சில கார்களில், கரடுமுரடான சாலையின் அதிர்வை எஞ்சின் விக்கல் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அந்தச் சோதனையைக் கணினி தற்காலிகமாக நிறுத்திவைக்கும். நகரத்தில் இருப்பவருக்கோ நெரிசல். நின்று நின்று போகும் பயணத்தில் சீரான வேகம் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்டால் இரண்டு வாரத்தில் நடக்காதது ஒரே நாளில் நடக்கும்.

காலை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஆவிச் சோதனை, எஞ்சினும் காற்றும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும்போது தொடங்க வேண்டும். பல கார்களில் காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது தொடங்காது. மதிய வெயிலில் கார் நிறுத்துமிடத்தில் காய்ந்த காரில் அது எப்படி நடக்கும்? பெட்ரோல் டாங்கியும் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல், முக்கால் பங்குக்குள் இருப்பது நல்லது. டாங்கி நிரம்பி வழிந்தாலும் நடக்காது, காய்ந்து கிடந்தாலும் நடக்காது. பத்து ரிங்கிட், இருபது ரிங்கிட் என்று ஊற்றி, முள் எப்போதும் சிவப்புக் கோட்டருகே நிற்கும் காரில் இந்தச் சோதனை ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடக்கலாம்.

இவ்வளவு செய்தும் கன்வெர்ட்டர் சோதனை மட்டும் அசையவில்லை என்றால், பழைய கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டிய பொருள் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுத்து வைக்கும் சிறு வால்வு அது. “இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று சொல்லி அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகள் சிலவற்றில் நெடுங்காலமாக இருக்கிறது. எஞ்சின் அதிகச் சூடாகும் பழைய காரில் அதைக் கழற்றினால் முள் இறங்கும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ரேடியேட்டர் அடைப்பும் பழுதான விசிறியும் அப்படியேதான் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், குறிப்பாக நெடுஞ்சாலையில், தன் இயல்பான வெப்பத்துக்கு ஏற வெகுநேரம் எடுக்கும். சில நேரம் ஏறவே ஏறாது. எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும், கன்வெர்ட்டர் சோதனையைத் தொடங்காமல் காத்திருக்கும். பெட்ரோல் செலவும் கூடும். சில கார்களில் ‘பி0128’ என்ற குறியீடு வரும். பழைய, எளிமையான கார்களில் எந்தக் குறியீடும் வராமல், வெறும் ‘நாட் ரெடி’ மட்டும் காரணம் சொல்லாமல் நிற்கும். ஸ்கேனரில் குளிரூட்டும் நீரின் வெப்ப அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான கார்களில் அது 85 டிகிரியைத் தாண்டி நிலைக்க வேண்டும். ஓட ஓட 70க்குக் கீழேயே நின்றால், வால்வு இல்லை அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது.

ஒரு சோதனை இன்னொன்றுக்காகக் காத்திருப்பதும் உண்டு. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சரியில்லை என்றால் கன்வெர்ட்டர் சோதனை தொடங்கவே தொடங்காது. அளவு சொல்லும் தராசே கோணலாக இருக்கும்போது எடை போட்டுப் பயனில்லை அல்லவா. அதனால் ‘பெண்டிங்’ பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியது

விலை பேசிய பிறகு, முன்பணம் கொடுக்கும் முன்பு, ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளலாம். எல்லாம் ‘ரெடி’, குறியீடு இல்லை, ‘பெண்டிங்’ இல்லை என்றால் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பொறுத்தவரை நல்ல செய்தி. கியர்பெட்டி, சஸ்பென்ஷன், விபத்தில் வளைந்த சேசிஸ் ஆகியவற்றைப் பற்றி இந்தப் பட்டியல் எதுவும் சொல்லாது. அவற்றுக்கு ஃபோர்மனின் கண்தான் வேண்டும்.

பல சோதனைகள் ‘நாட் ரெடி’ என்றால், விற்பவரையே சில நாள் வழக்கம்போல ஓட்டச் சொல்லி, மறுபடி ஸ்கேன் செய்யலாம். அல்லது முன்பணச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கேட்கலாம்: இத்தனை நாளுக்குள் சோதனைகள் முடிந்து கோளாறுக் குறியீடு வந்தால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்று. நல்ல காரை விற்பவருக்கு இதில் நட்டம் எதுவும் இல்லை. “வேற ஆள் பார்த்துட்டுப் போயிருக்காரு, இன்னைக்கே எடுத்தா எடு” என்று அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது மலிவு.

பட்டறையிலும் இதே கணக்குதான். ஆக்சிஜன் சென்சார் மாற்றியாயிற்று, விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லி பில் நீட்டுவார்கள். விளக்கு அணைந்தது சென்சார் மாற்றியதாலா, குறியீட்டை அழித்ததாலா என்று அன்றைக்கே தெரியாது. பணம் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் “சோதனைகள் முடிந்த பிறகு மறுபடி கொண்டுவந்து ஸ்கேன் செய்து காட்டுகிறேன், அதே குறியீடு வந்தால் இதே பில்லில் பார்த்துக் கொடுங்கள்” என்று அன்றைக்கே சொல்லி வைத்துக்கொள்ளலாம். வேலை தெரிந்த ஃபோர்மன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஸ்கேனரைக் கையில் எடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. எல்லாச் செயலிகளிலும் ‘கிளியர்’ என்ற பொத்தான் இருக்கும். விரல் தானாக அங்கே போகும். அதை அழுத்தினால் குறியீட்டோடு ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்ற பதிவும் அழிந்துவிடும். கோளாறு தெரிந்த அந்த நொடியில் வேகம் எவ்வளவு, எஞ்சின் வெப்பம் எவ்வளவு, எவ்வளவு சுமையில் ஓடியது என்று கணினி எழுதி வைத்த குறிப்பு அது. ஃபோர்மனுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும் குறிப்பு. எனவே பட்டறையிலோ வீட்டிலோ எவரும் அழிக்கும் முன்பு, குறியீடு, ‘பெண்டிங்’, ரெடினஸ் பட்டியல், ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.